சைக்கிளுக்கு இன்சூரன்ஸ்: முதலில் எலும்புக்கு, அப்புறம் இரும்புக்கு

ஆபீசுக்கு சைக்கிளில் போகத் தொடங்கிய கையோடு இன்சூரன்ஸ் தேடுகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். இணையதளத்தில் தேடினால் வந்து நிற்பது டூவீலர் படிவம். பதிவு எண் போடாமல் அடுத்த பக்கம் நகராது. கஸ்டமர் கேரில் கேட்டால், "சைக்கிளும் கவர் ஆகும் சார்" என்பார்கள். எந்தப் பாலிசி, எந்தப் பிரிவு என்று கேட்டதும் லைனை வேறொருவருக்கு மாற்றுவார்கள். எனக்கு அப்படி அடித்துச் சொன்ன பாலிசியின் வாசகம் மெயிலில் வந்தபோது பார்த்தால், அது வீட்டுக்கான பாலிசி. பூட்டை உடைத்து வீட்டுக்குள் புகுந்து திருடினால்தான் பணம். அபார்ட்மென்ட் தரைத்தளத்தில் நிற்கும் சைக்கிளுக்கோ, ரயில்வே ஸ்டேஷன் வாசலில் பூட்டிவிட்டுப் போகும் சைக்கிளுக்கோ அதில் இடமே இல்லை. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. போனில் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பாலிசி வாசகத்தை முழுதாக அனுப்பச் சொல்லிப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டை மோட்டார் வாகனத்துக்குத்தான் கேட்கிறது. பேட்டரி சைக்கிள்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். 250 வாட், மணிக்கு 25 கி.மீ. என்ற வரம்புக்குள் இருந்தால்தான் பதிவு வேண்டாம். சாதா சைக்கிளில் அதைவிடப் பெரிய மோட்டார் கிட் மாட்டினால் சட்டத்தின் பார்வையில் அது மோட்டார் வாகனம். பதிவும் லைசென்சும் இல்லாமல் அதில் போய் அடிபட்டால், உங்கள் விபத்துக் காப்பீட்டையே மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும்.

திருட்டைப் பற்றிக் கவலைப்படும் முன் உடம்புக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலோர் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ போனால் 1 லட்சம். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிச் செலவு கிடையாது. மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் புதுப்பிக்கவும் ஆகாது.

சைக்கிளில் விழுகிறவருக்கு வழக்கமாக உடைவது தோளை ஒட்டிய காரை எலும்பும் மணிக்கட்டும். ஆறேழு வாரம் கை தொங்கும், பிறகு கூடிவிடும். நிரந்தர ஊனம் இல்லை என்பதால் மேலே சொன்ன திட்டத்தில் ஒரு பைசா வராது. இந்த ஓட்டையைத்தான் முதலில் அடைக்க வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் 'சரல் சுரக்ஷா பீமா' என்ற ஒரே மாதிரி விபத்துப் பாலிசி இருக்கிறது. இரண்டரை லட்சம் முதல் 1 கோடி வரை எடுக்கலாம். அதன் அடிப்படைப் பகுதியும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். தற்காலிக முழு இயலாமை, ஆஸ்பத்திரிச் செலவு இரண்டும் விருப்பத் தேர்வுகள். நீங்களாக டிக் செய்தால்தான் சேரும், ஏஜென்ட் பெரும்பாலும் சொல்ல மாட்டார். 10 லட்சத்துக்கு எடுத்தால் வேலைக்குப் போக முடியாத ஒவ்வொரு வாரத்துக்கும் 2,000 ரூபாய், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 1 லட்சம் வரை. கிளெய்ம் செய்யும்போது டாக்டர் சான்றில் 'ஓய்வு தேவை' என்று மட்டும் இருந்தால் இழுத்தடிப்பார்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலை செய்ய இயலாது என்று எழுதி வாங்குங்கள்.

புது மெடிக்கல் பாலிசியில் முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு, விபத்துக்கு மட்டும் அது கிடையாது. கம்பெனி விபத்துப் பாலிசி 24 மணி நேரத்துக்குமா, வேலை நேரத்துக்கு மட்டுமா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு ஒரு பெரிய பலம்: வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் நடக்கும் விபத்தும் பணிக்காயம் என்று 2010-ல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இது தெரியாமல் கைக்காசு செலவழித்தவர்கள் ஏராளம். உணவு டெலிவரிக்கு ஓட்டுகிறவர்கள் தொழிலை மறைக்காமல் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அதுவே மறுப்புக்குக் காரணமாகிவிடும்.

இனி இரும்புக்கு வருவோம். திருட்டுப் பாலிசியில் கிளெய்ம் சிக்குவது இரண்டு காகிதத்தில்.

ஒன்று, பில். கடை பில்லில் மாடல் பெயரும் விலையும் இருக்கும். பிரேம் எண் பெரும்பாலும் இருக்காது. எண் இல்லாமல் உங்கள் சைக்கிள்தான் தொலைந்தது என்று நிரூபிக்க வழியே இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். பெடல் அச்சு செல்லும் குழாயின் அடிப்பக்கம் எண் குத்தியிருக்கும். கேபிள் போகும் பிளாஸ்டிக் துண்டு ஒன்று அதன் மேல் திருகியிருந்தால் பாதி எண் மறைந்திருக்கும். அதைக் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தெளிவாகத் தெரியும். படம் எடுத்துக்கொண்டு, அதே எண்ணை பில்லில் எழுதிக் கடை முத்திரை வாங்கிவிடுங்கள். வாங்கிய வாரமே செய்தால் கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். பூட்டுக்கும் தனி பில் வேண்டும். 'அசையாத பொருளோடு சேர்த்துப் பூட்டியிருக்க வேண்டும்' என்று நிபந்தனை போடும் பாலிசிகள் உண்டு. சக்கரமோ சீட்டோ மட்டும் களவு போனால் பொதுவாகப் பணம் வராது.

இரண்டாவது, போலீஸ் காகிதம். ஸ்டேஷனில் சைக்கிள் திருட்டு என்றால் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இன்சூரன்ஸ் நிறுவனம் எப்.ஐ.ஆர். கேட்கும். புகாரில் 'காணவில்லை' என்று எழுதாதீர்கள். 'திருட்டு' என்றே எழுதி, பிரேம் எண்ணும் மதிப்பும் சேருங்கள். பதிய மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவின்படி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். எப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

வண்டி ஏதாவது இடித்துவிட்டால் அதன் எண்ணை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கேட்க தீர்ப்பாயம் இருக்கிறது. இடித்துவிட்டு ஓடிவிட்டால் அரசுத் திட்டத்தில் பலத்த காயத்துக்குக் கிடைப்பது 50,000 ரூபாய்தான். இரவில் பின்விளக்கு இல்லாமல் போயிருந்தால் உங்கள் மேலும் தவறு என்று இழப்பீட்டைக் குறைக்க வாதாடுவார்கள்.

விபத்து, மெடிக்கல் பாலிசி கைக்கு வந்த பிறகும் 30 நாள் அவகாசம் உண்டு. சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கிளெய்மை மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது.