பூச்சி பூச்சியாக ஓடிய தமிழ்: ஒரு டேட்டாபேஸ் இடம் மாறிய கதை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வேர்ட்பிரஸ் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பாடலீசுவரர் கோயில், அப்பர் கரையேறிய கதை, 2011 தானே புயலில் சாய்ந்த பலா, முந்திரித் தோப்புகள் என்று வருஷக்கணக்கில் எழுதிச் சேர்த்திருக்கிறார். பழைய ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பி மொழி, கட்டுரைகளைச் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் இரண்டுமே கிழடு தட்டிவிட்டதால் வேறு இடம் பார்த்தோம். புதிய கம்பெனிக்காரர்களே இலவசமாக மாற்றித் தந்தார்கள். முகப்புப் பக்கம் திறந்தது, டொமைனைத் திருப்பிவிட்டோம். மறுநாள் காலையிலேயே ஐயாவிடமிருந்து போன்.

"தம்பி, அப்பர் கட்டுரையைத் திறந்தா எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியா ஓடுது. ராத்திரி நான் போட்ட புதுசு மட்டும் நல்லாத் தெரியுது."

அவர் சொன்னதில் இரண்டாவதுதான் துப்பு. ஃபான்ட்டோ பிரவுசரோ கோளாறு என்றால் புதுக் கட்டுரையும் கெட்டிருக்க வேண்டும். ஆக, பழைய சரக்குதான் வழியில் எங்கோ அடிபட்டிருக்கிறது.

சப்போர்ட்டில் கேட்டால் முதலில் கேச்சை, அதாவது தற்காலிக நகல்களை, துடைக்கச் சொன்னார்கள். பிறகு, உங்கள் டேட்டாபேஸே பழுது என்றார்கள். பழுதாக இருந்தால் பழைய சர்வரில் மட்டும் எப்படி அத்தனை வருஷம் ஒழுங்காகத் தெரிந்தது?

பூச்சிகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர் எழுதிய ட்ரேட்மார்க் குறி, அடுத்து ஏதோ ஒன்று. மறுபடியும் அதே ஏ, அதே ஆர். எழுத்தைக் கம்ப்யூட்டரில் எண்ணாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இரண்டாவது பைட் இரண்டே வகை. அந்த மூன்று பைட்டையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகப் படித்தால் இப்படித்தான் வரும். வேடிக்கை என்னவென்றால், கட்டுரைகளின் லிங்க் எல்லாம் சரியாக வேலை செய்தன. வேர்ட்பிரஸ் தமிழ் லிங்க்கை சதவீதக் குறி போட்டு வெறும் ஆங்கில எழுத்தாகவே சேமிப்பதால் அதை யாராலும் கெடுக்க முடியவில்லை.

பழைய சர்வரில் டேபிளைத் திறந்து பார்த்தேன். எழுத்து முறை ஐரோப்பிய எழுத்துகளுக்கான 'லேட்டின்1', சொற்களை அடுக்கும் வரிசைமுறை 'லேட்டின்1 ஸ்வீடிஷ்'. மைஎஸ்க்யூஎல் பிறந்தது ஸ்வீடனில், 5.7 வரைக்கும் அதுதான் இயல்பு அமைப்பு, 8.0-இல்தான் மாற்றினார்கள். நம் பாடலீசுவரர் இத்தனை காலம் ஸ்வீடிஷ் அகரவரிசையில் குடியிருந்திருக்கிறார்! வேர்ட்பிரஸின் பழைய கான்ஃபிக் ஃபைலில், எந்த எழுத்து முறை என்று சொல்லும் கேரக்டர் செட் வரி காலியாக இருந்தது. எழுதும்போதும் லேட்டின், படிக்கும்போதும் லேட்டின் என்பதால் பைட்டுகள் போன மாதிரியே திரும்பி வந்து, வெளியில் ஒன்றும் தெரியவில்லை. மாற்றியவர்களின் டூல் இதை நிஜமான லேட்டின் என்று நம்பி, ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருந்ததை இன்னொரு முறை யூடிஎஃப்-8 ஆக்கிவிட்டது.

ஊகத்தை உறுதி செய்ய இரண்டு சர்வரிலும் ஒரே தலைப்பை, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் ஃபங்ஷனில் போட்டுப் பார்த்தேன். பழையதில் 'க'வுக்கு ஈ0 ஏஈ 95 என்று அச்சாக மூன்று பைட். புதியதில் சி3 ஏ0 சி2 ஏஈ என்று ஆரம்பித்து நீண்டுகொண்டே போனது. மூலம் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததும்தான் டீ குடிக்கப் போனேன்.

பக்கவாட்டில் வரும் சிறு பெட்டிகளான விட்ஜெட்டுகளும் காணாமல் போயிருந்தன. அதற்கும் காரணம் இதேதான். வேர்ட்பிரஸ் விட்ஜெட் அமைப்புகளை நீளத்தோடு சேர்த்துக் குறித்து வைக்கும். 'கடலூர்' என்ற சொல் 18 பைட் என்று எழுதியிருக்கும். இரண்டு முறை மாற்றியதில் அதுவே 38 பைட் ஆகிவிட்டது. கணக்கு இடிப்பதால் பிஎச்பி மொத்த அமைப்பையும் தள்ளிவிடுகிறது. விட்ஜெட்டுகளைப் புதிதாக வைத்துவிடலாமா என்று ஐயா கேட்டார். வேண்டவே வேண்டாம், எதையும் சேமிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

புதிய சர்வரில் கெட்டுக் கிடப்பதை அங்கேயே சரிசெய்ய ஸ்கிரிப்டுகள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஐயாவின் புதுக் கட்டுரை வேறு நல்ல நிலையில் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மொத்தமாகத் திருப்பினால் அது கெடும். மூலம் கையில் இருக்கும்போது ஒட்டுப்போடுவானேன்?

டொமைனைப் பழைய சர்வருக்கே திருப்பினேன். டொமைனின் பழைய முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல் 14400 நொடி என்பதால் நாலு மணி நேரம்வரை சிலருக்குப் பூச்சிதான் தெரிந்திருக்கும். பிறகு, சர்வருக்குள் நேரே கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச் வழியாக, டேட்டாபேஸை ஃபைலாக இறக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப். டிஃபால்ட் கேரக்டர் செட் லேட்டின்1 என்று கொடுத்து, 'ஸ்கிப் செட் கேரக்டர்செட்' ஆப்ஷனையும் சேர்த்தால் பைட்டுகள் மாறாமல் அப்படியே ஃபைலில் இறங்கும். அந்த ஃபைலை எடிட்டரில் திறந்தபோது தமிழ் தமிழாகவே தெரிந்தது. டேபிள் உருவாக்கும் வரிகளில் மட்டும் லேட்டின்1-ஐ யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்-8-இன் பெயர்) என்று மாற்றி, ஸ்வீடிஷ் வரிசைமுறை இருந்த இடங்களையும் மாற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு ஃபைல் முழுக்க ரீப்ளேஸ் செய்யக் கூடாது, கட்டுரைக்குள்ளும் அந்தச் சொல் இருக்கலாம். புதிய சர்வரில் காலி டேட்டாபேஸ் ஒன்று உருவாக்கி, இம்போர்ட்டுக்கு யூடிஎஃப்8எம்பி4 கொடுத்து ஏற்றினேன். கான்ஃபிக்கிலும் அதே பெயர்.

எந்த டொமைன் எந்த சர்வர் என்று குறித்துக்கொள்ளும் என் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் புதிய சர்வரின் ஐபி முகவரியைப் போட்டு, டொமைனைத் தொடாமலேயே தளத்தைத் திறந்தேன். அப்பர் கட்டுரை சுத்தமாக வந்தது. விட்ஜெட்டுகள் நான் கை வைக்காமலே இருந்த இடத்தில் இருந்தன. எச்டிடிபியை எச்டிடிபிஎஸ் ஆக்கும் வேலையை வேர்ட்பிரஸின் கட்டளைக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸில் செய்தேன். அது நீளக் கணக்கையும் சேர்த்துத் திருத்திவிடும். வெறும் எஸ்க்யூஎல் ரீப்ளேஸ் திருத்தாது, விட்ஜெட் மறுபடி போயிருக்கும்.

ராத்திரி போட்ட அந்த ஒற்றைக் கட்டுரையை மட்டும் கெட்டுப்போன டேட்டாபேஸிலிருந்து காப்பி எடுத்துப் புதியதில் ஒட்டினேன். பிறகுதான் டொமைனை மாற்றினேன். பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்யவில்லை. கட்டிய பணம் தீரும்வரை கிடக்கட்டும் என்று ஐயாவும் சொல்லிவிட்டார்.