வாடிக்கையாளர் சேவை: நான்காம் வேற்றுமையா, ஆறாம் வேற்றுமையா?

சமையலறைக் குழாய் பத்து நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நொடிக்கு ஒரு சொட்டு. ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி என்று வைத்தாலும் நாலு லிட்டருக்கு மேல். கோயமுத்தூரில் ஒரு வீட்டுக்குள் சிறுவாணித் தண்ணி இப்படிச் சாக்கடைக்குப் போனால் மாமியார் சும்மா இருப்பாரா? குழாய்க்கடியில் குண்டாவை வைத்து, "மாப்பிள்ளைக்கு இன்னும் நேரம் கெடைக்கலையாட்ட இருக்குது" என்று குண்டாவிடமே முறையிட்டுக்கொண்டிருந்தார்.

பிளம்பருக்கு போன் போட்டேன். "கேட் வால்வை மூடிட்டு, குழாய்க்குள்ள திருகுற தண்டு இருக்குதில்லீங்ணா, ஸ்பிண்டிலு, அதைக் கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போங்ணா. அதே மாதிரி ஒண்ணு. பொறத்தால விரிசல் உட்ட வெள்ளை பைப்புக்கு, குழாயோட சேக்கற அரை இஞ்ச் பிராஸ் மரை, எப்டிஏம்பாங்க, அது ஒண்ணு. பதினொரு மணிக்கு வந்து பத்தே நிமிசத்துல மாட்டிர்றேன்."

தெருமுனைக் கடை பூட்டியிருந்தது. முகூர்த்த நாள், கடைக்காரர் குடும்பத்தோடு பொள்ளாச்சி. வேறு வழியில்லாமல் பைபாஸ் ரோட்டில் இருக்கும் அந்தப் பெரிய கடைக்கு வண்டியை விட்டேன். மூன்று மாடி, ஏசி, வாசலில் பலூன். வீட்டில் தண்ணி நின்றுவிட்டது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது மறக்கவே இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு போன் வந்தது.

வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார். "கையில என்னங்க?" பாசி பிடித்த பழைய ஸ்பிண்டிலைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதன் தலையில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார். அந்தக் கடையில் அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் மரியாதையும் கடைசி மரியாதையும் அதுதான். அதுவும் எனக்கில்லை, ஸ்பிண்டிலுக்கு.

உள்ளே நீலச் சட்டைப் பையன்கள் நாலு பேர் வட்டமாக நின்று ஒரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பிண்டில் எங்கே என்றேன். தலை நிமிராமல் ஒரு விரல் மேலே போனது. "செகண்ட் ஃப்ளோர் சார்." ஏறினேன். அங்கே பெயின்டும் சீலிங் ஃபேனும். அங்கிருந்த பையன் ரொம்ப மரியாதையாக, "ஸ்பின்னா சார்? கீழ இருக்கு, வாங்க" என்று தானே கூட்டி வந்தான். பரவாயில்லையே என்று பின்னாலேயே போனேன். ஸ்பின் மாப் அடுக்கி வைத்திருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினான்.

குழாய்ப் பிரிவில் டை கட்டிய ஒருவர் இருந்தார். ஸ்பிண்டிலைப் பார்த்ததும், செத்த எலியைப் பார்த்ததுபோல அரையடி பின்வாங்கினார். "இது தனியா வராது சார். ஃபுல் டேப்பாத்தான் வரும். 2,450 ரூபாய்."

"ஏனுங்க, சட்டைக்குப் பொத்தான் அறுந்தா சட்டையே வாங்கோணுமா?"

"ரெண்டு வாங்குனா ஆஃபர் இருக்கு சார்."

சரி, எப்டிஏவாவது கிடைக்கட்டும் என்று பைப் வரிசைக்குப் போனேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டி. ஒன்றில் வெள்ளை, இன்னொன்றில் சந்தன மஞ்சள். இரண்டிலும் அரை இஞ்ச் என்றே எழுதியிருந்தது. என்ன வித்தியாசம் என்று அங்கே நின்ற நீலச் சட்டையைக் கேட்டேன். "கலர் மட்டுந்தான் சார் வேற. உங்க டைல்ஸுக்கு எது மேட்ச் ஆகுதோ அதை எடுத்துக்கங்க."

பக்கத்தில் வெள்ளை வேட்டியில் நின்ற ஒரு மேஸ்திரி சிரித்தே விட்டார். "தம்பி, மஞ்சள் சிபிவிசி. சுடுதண்ணிக்குத் தாங்கும். வெள்ளை யுபிவிசி, பச்சத்தண்ணிக்கு. பேருக்குத்தான் ரெண்டும் அரை இஞ்ச். ஒண்ணுக்குள்ள ஒண்ணு சேராது. ஒட்டற பசைகூட வேற." அப்புறம் தேடிப் பார்த்தேன், அவர் சொன்னது அச்சு அசல். அரை இஞ்ச் சிபிவிசியின் வெளிவிட்டம் 15.9 மி.மீ., யுபிவிசிக்கு 21.3 மி.மீ. டைல்ஸுக்கு மேட்ச்சாக வாங்கிப் போயிருந்தால் ஸ்பிண்டிலோடு சேர்த்து என்னையும் கழற்றி வைத்திருப்பார்கள்.

மேஸ்திரி போய்விட்டார். நான் வெள்ளைப் பெட்டியில் கையை விட்டுத் தேடிக்கொண்டிருக்கும்போது ஒரு வயதானவர் வந்து, "தம்பி, இந்தப் பைப்புக்கு எல்போ?" என்றார். நானும் அன்றைக்கு நீலச் சட்டைதான் போட்டிருந்தேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அரை நிமிடம் முன்னால் கற்ற வித்தை நாக்கு நுனியில் நிற்கிறதே! மஞ்சள், சுடுதண்ணி, பசை வேறு என்று எல்லாவற்றையும் ஒப்பித்து எல்போவும் எடுத்துக் கொடுத்தேன். அடுத்து ஒரு அம்மா, சுவரில் படம் மாட்ட பிளாஸ்டிக் பிளக் கேட்டார். ஒன்பதாவது வரிசை, நாலு முறை வழி தவறி அங்கேதான் போய் நின்றிருந்தேன். "ஆறு எம்எம் பிளக்குன்னா டிரில் பிட்டும் ஆறு எம்எம் வாங்கிக்கங்க" என்று உபரியாக வேறு சொன்னேன். மூன்றாவதாக ஒருவரை நாற்பது பேர் முன்னிலையில் கூட்டி வந்தது யார் தெரியுமா? டைல்ஸ் மேட்ச் பையன். "இந்த அண்ணனைக் கேளுங்க சார், இவருக்குத் தெரியும்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே 'வாடிக்கையாளர் சேவை' என்று பலகை தொங்கியது. கீழே மேசை, நாற்காலி, ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா வேற்றுமைத் தொகையைப் பிரம்போடு நடத்தியது நினைவுக்கு வந்தது. நான் இத்தனை வருடமாக 'வாடிக்கையாளருக்குச் சேவை', நான்காம் வேற்றுமை என்றே நினைத்திருந்தேன். அவர்கள் 'வாடிக்கையாளரது சேவை' என்று ஆறாம் வேற்றுமையில் வைத்திருக்கிறார்கள். பலகையில் தப்பே இல்லை.

சூப்பர்வைசர் ஒருவர் வேகமாக வந்தார். "ஐடி கார்டு எங்கப்பா?"

"நான் கஸ்டமருங்க."

ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மன்னிப்பெல்லாம் இல்லை, "அப்ப இங்க கூட்டம் போடாதீங்க சார்" என்று போனார்.

பில் போடும் பெண் போன் நம்பர் வாங்கினார், மெம்பர்ஷிப் வேண்டுமா என்றார், பைக்குத் தனிக் காசு என்றார். பிறகு என் பழைய ஸ்பிண்டிலை ஸ்கேனர் முன்னால் நாலைந்து முறை ஆட்டினார். "இதுல பார்கோடு இல்லீங்களே." என்னுடையது என்றேன். பச்சை ஸ்டிக்கர் எங்கோ விழுந்திருந்தது. ஒட்டியவர் சாப்பிடப் போயிருந்தார். மூன்று பேர் கூடிப் பேசி, கடைசியில் பில்லிலேயே பேனாவால் 'பழைய சாமான் 1' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னை விட்டார்கள்.

வீட்டில் பிளம்பர் திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணியில் போட்ட காபி என்று மாமியார் தெரிவித்தார். ஸ்பிண்டிலை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்த பிளம்பர், "அட, வாஷர் மட்டுந்தான் தேஞ்சிருக்குதுங்ணா" என்று தன் பையிலிருந்து காசளவு ரப்பர் ஒன்றை எடுத்து மாட்டினார். சொட்டு நின்றது. ரப்பருக்குக் காசு வாங்கவில்லை.

சாயங்காலம் கடையிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. இன்று எங்கள் ஊழியரின் சேவை எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண்?

யோசித்துப் பார்த்து நாலு போட்டேன். ஐடி கார்டு போடாததற்கு ஒன்று குறைத்துக்கொண்டேன்.