டன்ஃபெர்ம்லின் ராணிக்கு அம்மாவின் நேர்ச்சைக்கடன்

எங்கள் அம்மா பிறந்தது ஜூன் 10. அந்தக் காலத்துப் பூசைக் காலண்டரில் அது ஸ்காட்லாந்து ராணி புனித மார்கரெட்டின் திருநாள். பங்குச்சாமியார் காலண்டரைப் பார்த்தார், அந்தப் பெயரையே வைத்துவிட்டார். 1969இல் ரோமையில் திருநாளை நவம்பர் 16க்கு, அதாவது அவர் இறந்த நாளுக்கு, மாற்றிவிட்டார்கள். அம்மா மட்டும் மாற்றவில்லை. இன்றைக்கும் தூத்துக்குடி வீட்டில் ஜூன் 10 வந்தால் காலைப் பூசை, அப்புறம் பாயசம்.

எடின்பரோவில் இருக்கும் என் தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. பேறுகாலம் பார்க்கப் போயிருந்த எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் அழுகை எதுவும் இல்லை. "ஏட்டி, அவ அந்த ஊரு ராணிதான? எட்டுப் பெத்தவ. அவகிட்ட சொல்லியாச்சு. தாயும் பிள்ளையும் பிழைச்சு வந்தா பிள்ளையைக் கொண்டுபோய் அவ முன்னால காட்டுவோம்னு நேர்ந்துக்கிட்டேன். என் முட்டியை வச்சுக்கிட்டு நான் வர முடியாது. நீதான் போகணும்" என்றார். குறைமாதத்தில் பிறந்தாலும் பிள்ளை தேறியது. தங்கையும் தேறினாள். நேர்ச்சைக்கடன் என் தலையில் வந்தது.

எடின்பரோ கோட்டைக்குள்ளேயே புனித மார்கரெட் பெயரில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அவருடைய மகன் தாவீது ராஜா, முதலாம் டேவிட், கட்டியது. கோட்டையிலேயே பழைய கட்டடம் அதுதான். ஆனால் ராணி அடக்கம் செய்யப்பட்டது ஃபோர்த் கழிமுகத்துக்கு அக்கரையில் உள்ள டன்ஃபெர்ம்லினில். 2022இல்தான் நகரம் என்ற பட்டம் கிடைத்த ஊர். ஒருநாள் சுற்றுலா நடத்தும் ஒருவரிடம் விசாரித்தோம். ராணி அடக்கமான மடத்துக் கோயிலில் கொஞ்ச நேரம் நிற்பார்களாம், அவர் ஜெபித்த குகைக்குப் போக மாட்டார்களாம், தள்ளுவண்டிக்குத் தனிக் காசாம். கூடவே இரண்டு மதுபான ஆலைகள் இலவசம்! கைக்குழந்தையோடு நேர்ச்சைக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்லத் துணிந்தவரை என்ன சொல்ல? கும்பிடு போட்டுவிட்டு ரயிலேறினோம்.

ரயில் 1890இல் திறந்த அந்தச் சிவப்புப் பாலத்தில் ஏறும்போது கீழே பாருங்கள். இரண்டு கரையிலும் உள்ள ஊர்களுக்குக் குவீன்ஸ்ஃபெரி என்றுதான் பெயர். செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரின் கோயிலுக்குப் போகிற திருப்பயணிகள் தண்ணீரைக் கடக்க மார்கரெட் ராணி படகு விட்டிருந்தார், தங்க இடமும் கொடுத்தார். தொள்ளாயிரம் வருடம் தாண்டியும் ஊரின் பெயர் அந்தத் தருமத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. பாலம் கடக்கும்வரை நானும் தங்கையும் ஜெபமாலை சொன்னோம். எதிர் இருக்கைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

மடத்துக் கோயிலைத் தூரத்திலிருந்து பார்த்தாலே அதன் கோபுரத்தின் நான்கு பக்கமும் கல்லில் ராஜா ராபர்ட் தி புரூஸ் என்று பெரிய பெரிய எழுத்து. ஆங்கிலேயரோடு யுத்தம் செய்த அந்த ஸ்காட்லாந்து ராஜாவின் கல்லறை 1818இல் கிடைத்ததாம். அதன் மேல் புதுக்கோயில் கட்டி 1821இல் திறந்தார்கள். நம் எழும்பூரில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கும் அதே 1821இல் திறந்ததுதான். உள்ளே பிரசங்க மேடைக்கு அடியில் புரூஸின் கல்லறை, மேலே பித்தளைத் தகடு. ஒரு சுற்றுலாக் கூட்டம் அதைச் சுற்றி மொய்த்துக்கொண்டு நின்றது. தலைக்கு மேல் செல்போன், இடுப்பில் பை, காலடியில் எங்கள் தள்ளுவண்டி. நகரச் சொன்னால் இன்னொரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். வழிகாட்டி யுத்தக் கதை முழுவதையும் முழக்கினார். அந்த மண்ணுக்கு மடத்தைக் கொண்டுவந்த ராணியைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வரி வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது உண்மை.

மேற்குப் பாதியில் இருக்கும் பழைய கோயிலுக்குத் தனி டிக்கெட். நம் ஊர்ச் சிறப்புத் தரிசனத்துக்குக் கொடுத்துப் பழகிய கைதானே, கொடுத்தேன். உள்ளே போனதும் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தூண்கள். சிலவற்றில் மின்னல் கீற்று மாதிரி மேலிருந்து கீழ்வரை வளைந்து வளைந்து கோடு வெட்டியிருக்கிறார்கள். கையை வைத்தால் ஒரு விரல் அந்தப் பள்ளத்துக்குள் உட்காருகிறது. தரையில் உலோகப் பட்டை பதித்து, ராணி முதலில் கட்டிய சின்னக் கோயில் எந்த அளவு இருந்தது என்று காட்டியிருக்கிறார்கள். 1070 வாக்கில் மால்கம் ராஜாவுக்கும் அவருக்கும் இந்த ஊரில்தான் கல்யாணம். அப்புறம் கான்டர்பரியிலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகளை வரவழைத்தார். 1128இல் தாவீது ராஜா அதைப் பெரிய மடமாக்கினார். பட்டைக் கோட்டுக்கு உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். காவலுக்கு இருந்தவர் என் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

புனிதரின் கல்லறை பீடம் வெளியில் இருக்கிறது. கோயிலின் கிழக்கு முனையைச் சுற்றிப் போக வேண்டும். 1560இல் மதச் சீர்திருத்தக் கலகக்காரர்கள் இடித்த பிறகு அந்தப் பகுதிக்குக் கூரையே இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கறுத்த கற்பலகை, சுற்றிலும் கம்பி. அவ்வளவுதான். மழை விழுந்து பலகை பளபளவென்று இருந்தது. பொன்னும் மணியும் பூட்டிய பெட்டியில் ராணி இருந்த இடம்! அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "கல்லுதான கெடக்கு? குடை கூட இல்லாமலா வச்சிருக்காங்க?" என்றார். ஒரு திரி ஏற்ற இடமில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கும் மனசு கேட்கவில்லை.

அங்கே நின்றுதான் அம்மாவுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். 1250இல் புனிதரின் எலும்புகளைப் புதுப் பீடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியில் மால்கம் ராஜாவின் கல்லறை. அதைத் தாண்டவே முடியவில்லை, பெட்டி அப்படிக் கனத்துவிட்டது. வீட்டுக்காரரை விட்டுவிட்டுப் போக ராணிக்கு மனமில்லை என்று யாரோ சொல்ல, அவர் எலும்பையும் எடுத்துச் சேர்த்த பிறகுதான் பெட்டி நகர்ந்ததாம். 1093இல் ராஜாவும் மூத்த மகனும் யுத்தத்தில் விழுந்தார்கள், மூன்றே நாளில், செய்தி கேட்டு, ராணியும் போய்விட்டார். "அப்போ அவங்க வீட்டுக்காரரையும் சேத்து கும்பிட்டுட்டு வா" என்றார் அம்மா. சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

குகைதான் சோதனை. ராணி தனியாகப் போய் ஜெபிக்கும் இடம் அது. ஒளித்து எங்கே போகிறாள் என்று சந்தேகப்பட்டுப் பின்னால் போன ராஜா, அவர் முழந்தாளில் இருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டாராம். 1960களில் அதன் மேலேயே கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். ஜனங்கள் எதிர்த்ததால் குகையை மூடாமல் சுரங்கப் படி விட்டிருக்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் திறப்பு, குளிர்காலத்தில் போய் ஏமாற வேண்டாம். 87 படி. தங்கைக்கு இன்னும் உடம்பு முழுதாகத் தேறவில்லை, மேலே உட்கார வைத்தேன். அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் பிள்ளையைச் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு, கைப்பிடியை விடாமல் இறங்கினேன். கீழே போகப் போகக் குளிர் ஏறுகிறது. கல்லில் ஈரம். பாதியில் முட்டி நடுங்கியது. அம்மா வந்திருந்தால் இந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்று நினைத்தேன், அதிலேயே இரண்டு படி கடந்தேன்.

அடியில் பாறைக் குடைவு. நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். முழந்தாளிட்டு ஜெபிக்கும் ராணியின் உருவம். அந்த நேரத்துக்கு வேறு யாருமே இல்லை. நானும் முழந்தாளிட்டேன். நேர்ச்சைக்கென்று மனதில் வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. சேலை மடிப்பை விலக்கி, "இதோ பாருங்க தாயே, பிள்ளை" என்றேன், அவ்வளவுதான். பிள்ளை கண்ணைத் திறந்து விளக்கையே பார்த்தது. தினமும் காலையில் ஒன்பது அநாதைக் குழந்தைகளை மடியில் வைத்து, தன் கரண்டியாலேயே ஊட்டின கை அந்தக் கை. அவருக்கு ஆன்ம குருவாக இருந்த டர்கோட் எழுதி வைத்திருக்கிறார். அந்த மடியில் பத்தாவதாக எங்கள் பிள்ளைக்கும் இடம் கேட்டேன். "அருள் நிறைந்த மரியே" சொன்னபோது குரல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. மேலே ஏறும்போது எப்படி ஏறினேன் என்றும் தெரியாது.

ஊருக்குள் நடந்தால் கோயிலுக்குக் குறைவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அரசுச் சபையை விட்டுப் பிரிந்து வந்த ரால்ஃப் எர்ஸ்கினுக்குச் சிலையே இருக்கிறது. சபைப் பிளவு நம் திருநெல்வேலிச் சீமைக்கு மட்டும் சொந்தமில்லை போலும்.

கடைசியாக, நம் கத்தோலிக்கக் கோயிலான புனித மார்கரெட் நினைவு ஆலயம். 1896இல் கட்டியது, திருப்பண்டம் அங்கேதான். அது வந்த வழியைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். கலகத்துக்குப் பிறகு புனிதரின் தலையை ஸ்காட்லாந்தின் மேரி ராணி எடின்பரோவுக்கு எடுத்துப்போனார், தன் பிரசவத்துக்குத் துணையாக. அந்தத் தலை பின்னால் பிரான்சின் துவே நகருக்குப் போய்ப் புரட்சியில் காணாமல் போயிற்று. உடல் ஸ்பெயினின் எஸ்கோரியலுக்குப் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் கில்லிஸ் ஆயர் கேட்டு வாங்கிய தோள் எலும்பு, எடின்பரோ கன்னியர் மடத்தில் இருந்து, 2008இல் இந்தக் கோயிலுக்கு வந்தது. தேசம் தேசமாக அலைந்து சொந்த ஊர் வந்து சேர்ந்த தாய். பேறுகாலத்துக்கு ராணிமார்களே இவரிடம்தான் வந்திருக்கிறார்கள், இந்த ஊரில் இல்லாத அம்மாவுக்கு அது எப்படித் தெரிந்தது?

அம்மாவின் ஜெபமாலையை அங்கே வைத்து எடுத்தேன். தங்கை பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். அதுவரை சமத்தாக இருந்த பிள்ளை அப்போது கோயில் அதிர வீறிட்டது. மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி திரும்பி, அழட்டும், அவர் எட்டுப் பிள்ளை வளர்த்தவர், பழகினவர்தான் என்றார். குறைமாதத்தில் மூச்சுக்குத் திணறின பிள்ளைக்கு இவ்வளவு சத்தமா! அழ அழ நாங்கள் இருவரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே அழுதோம்.

அதே நேரத்துக்குத் தூத்துக்குடியில் அம்மா ஓர் இல்லத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு அசனம் கொடுத்துக்கொண்டிருந்தார். கறி கொஞ்சம் உப்புத் தூக்கல் என்று புகார் வேறு. ஜூன் மாதம் ஞாயிறு ஒன்றில் இந்த ஊரில் புனிதருக்குத் திருப்பயணப் பவனி உண்டு. 1974இல் நின்றுபோனதை 2015இல் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். அதைச் சொன்னதிலிருந்து அம்மா முட்டிக்கு நவநாள் ஆரம்பித்துவிட்டார். விசா விவரம் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். மார்கரெட் அம்மாளே, பிள்ளையைத் தந்தீர்கள், என் தங்கையைத் தந்தீர்கள், உமக்குக் கோடி நன்றி. அந்த முட்டியையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.