தெல்லிப்பழையில் பிறந்தவர்

மதுரைக்கு வந்த புதிதில் ஒரு கடையில் "மரக்கறி என்ன விலை?" என்று கேட்டேன். "கறி வேணும்னா அடுத்த தெருவுக்குப் போங்கக்கா, இங்க காய்தான் இருக்கு. நீங்க மலையாளமா?" என்றார் கடைக்கார அம்மா. அன்போடுதான் கேட்டார். ஆனால் சங்கம் வளர்த்த ஊரில் என் தமிழ் வேற்றுமொழியாகக் கேட்டது என்னும் எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. 1990இல், போரின்போது, யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையை விட்டு ஓடி, படகேறி, மண்டபம் முகாம் வழியாக வந்தவள் நான். வீடும் வளவும் போனாலும் மொழி கூட வரும் என்று நம்பியிருந்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, எங்கள் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்யும் பணியில் சேர்ந்தேன். பழைய கல்லை அமிலமோ கம்பித் தூரிகையோ கொண்டு தேய்க்கக் கூடாது. தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். தேய்ந்த எழுத்தை வாசிக்கக் காலை வெயிலே நல்லது. சாய்ந்து விழும் ஒளியில் பள்ளங்கள் நிழல் கொண்டு எழும். அப்படி ஒரு காலையில், புள்ளியில்லாத பழைய எழுத்தில், "யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் பிறந்த" என்ற சொற்கள் என் கண்முன் தெளிந்தன. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் அமெரிக்காவிலிருந்து நேரே வந்தவர்கள் அல்லர். யாழ்ப்பாணத்திலிருந்து, அங்கே பயின்ற தமிழர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தவர்கள். 1816இல் தெல்லிப்பழையில் குடியேறி, பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரி என்ற மிஷன் உயர்கல்விக்கூடத்தை நடத்திய தானியேல் பூவரே சில ஆண்டுகள் மதுரையில் பணியாற்றி 1841இல் திரும்பினார். நான் அகதியாகக் கடந்த கடலை, 150 ஆண்டுகளுக்கு முன்பே எங்களூர்க்காரர் ஒருவர் உபதேசியாராகக் கடந்திருக்கிறார்.

ஆனால் அவர் யார் என்று கண்டறிவது எளிதாக இருக்கவில்லை, ஏனெனில் கல்லில் இருந்தது முழுக்க முழுக்க ஓர் அமெரிக்கப் பெயர். வட்டுக்கோட்டையில் பயின்ற பிள்ளைகளுக்கு அமெரிக்காவிலிருந்து உதவியவர்களின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான விசுவநாதபிள்ளையை இன்றும் 'கறல்' என்ற முன்பெயரோடுதான் எங்களூரில் குறிப்பிடுவார்கள். தாய் தந்தையர் இட்ட பெயர் எங்கே போயிருக்கும்? ஞானஸ்நானப் பதிவேடு, விவாகப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்று மாதக்கணக்கில் புரட்டினேன். 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது, பதினைந்தே நாட்களுக்குள், மனைவியையும் இரு குழந்தைகளையும் அவர் அடக்கம் செய்திருந்தார். மூன்றிலும் காரணம் 'பேதி' என்ற ஒற்றைச் சொல். அந்தப் பக்கத்தை நான் வேகமாகப் புரட்ட முடியவில்லை. எஞ்சிய மகனின் பிள்ளைகளுக்கு மீண்டும் தமிழ்ப் பெயர்கள் வந்திருந்தன. அந்தப் பெயர்களைப் பற்றிக்கொண்டே ஐந்தாம் தலைமுறை வரை வந்து சேர்ந்தேன்.

மதுரையிலேயே வசிக்கும் அந்த ஐந்தாம் தலைமுறைப் பெண்மணி, "நாங்க தலைமுறை தலைமுறையா மதுரைக்காரங்கதான்" என்றார். யாழ்ப்பாணத்தைப் பற்றி அவர் வீட்டில் யாரும் ஒரு சொல்லும் சொல்லி வைத்திருக்கவில்லை. நானும் இப்போது மதுரைக்காரிதான். காய்கறிக் கடையில் சரியாகவே கேட்கிறேன், என் பேரன் 'கதைக்கிறது' என்றால் சிரிக்கிறான். ஆனாலும் அவர் அப்படிச் சொன்னபோது, என் அப்புவின் கல்லறை நினைவில் எழுந்தது. இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டு, ஆண்டுக்கணக்கில் ஒரு மெழுகுவர்த்தியும் காணாத கல்லறை அது.

அவரைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தெல்லிப்பழை எங்கக்கா இருக்கு?" என்று கேட்டார். காங்கேசன்துறை வீதியில் வர வேண்டும், துர்க்கையம்மன் கோயில் இருக்கிறது, புகையிரத நிலையம் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கிய நான், பனை வடலிகள், ஒழுங்கை, கிணற்றடி என்று போய், எங்கள் வீட்டுப் படலை வரைக்கும் அவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.