வாழைக்காய் இல்லாத பஜ்ஜி

இத்தாலியின் சிசிலித் தீவுக்கு வந்து மூன்று வருஷம். ஞாயிறு காலை பலெர்மோவின் பல்லரோ சந்தைக்குப் போகாவிட்டால் வாரம் முடிந்த மாதிரியே இருப்பதில்லை. அங்கே கூவி விற்கிற சத்தத்துக்கு முன்னால் கோயம்பேடு தோற்றது.

எனக்கு வேண்டியது பனெல்லே. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, களி மாதிரி கிண்டி, ஆறவிட்டு, மெல்லிசாய் வெட்டிப் பொரிக்கிறார்கள். எள்ளு தூவின பன்னுக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். வாழைக்காய் இல்லாத பஜ்ஜி என்று முதல் நாள் சிரித்தேன். இப்போது வாரம் தவறுவதில்லை. (மண்ணீரல் பன்னும் உண்டு. அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை.)

இன்றைக்குச் சோற்று உருண்டையும் கேட்டேன். பலெர்மோவில் அது 'அரஞ்சினா'. இதே தீவின் இன்னொரு ஊரான கத்தானியாக்காரர்கள் மாதிரி 'அரஞ்சினோ' என்று வாய் தவறிவிட்டது. கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! மூன்று தடவை திருத்திச் சொல்லவைத்துத்தான் கொடுத்தார்.

அப்படியே பெல்லெக்ரினோ மலை. 1624 கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்ததாக நம்பப்படும் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில். நெற்றி நிறைய விபூதியோடு மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து ஆச்சி திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

பையில் பனெல்லே இருந்தது. பாதி அவருக்கு.