ரெக்கார்டு, இன்டர்னல், காலேஜ் பஸ்: இதற்கு நடுவில் நமக்கென்று கொஞ்சம் நேரம்

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு பொறியியல் கல்லூரியில் டே ஸ்காலராகப் படித்தவள் நான். காலையில் ஜிஎஸ்டி சாலை நெரிசலில் காலேஜ் பஸ், நாள் முழுக்க வகுப்பு, வீட்டுக்கு வந்தால் ரெக்கார்டு (லேப் சோதனைகளை எழுதி ஒப்படைக்கிற நோட்டு), அசைன்மென்ட். இதில் நமக்கென்று நேரம் எங்கே இருக்கிறது என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது வரவே வராது. இரவு பதினொன்றுக்கு மேல் ஏதாவது மிஞ்சினாலும் கண் சொக்கும், கை தானாக ரீல்ஸுக்குப் போகும். அதனால் வாரத்தில் ஒரு பொழுதை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, மற்ற வேலைகளை அதைச் சுற்றி அடுக்க வேண்டும்.

அப்படி அடுக்க, மார்க் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். 2021 ரெகுலேஷனில், அதாவது பல்கலைக்கழகம் 2021-இல் கொண்டுவந்த பாடத்திட்ட விதிமுறையில், தியரி பாடத்துக்கு இன்டர்னல் (கல்லூரியிலேயே போடும் மதிப்பெண்) 40, செமஸ்டர் தேர்வு 60. முந்தைய 2017 ரெகுலேஷனில் இது 20, 80. ஆகவே அந்தக் காலத்து சீனியர் யாராவது "கடைசி மாசம் பாத்துக்கலாம் விடு" என்று சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வினாத்தாளில் இரண்டு மார்க் கேள்வி பத்து, 13 மார்க் ஐந்து, கடைசியாக 15 மார்க் ஒன்று. பாடத்தின் ஐந்து யூனிட்டுகளில் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு சின்னக் கேள்விகள், ஒரு 13 மார்க் கேள்வி என்று வரும்; 13 மார்க்கில் சாய்ஸ் இருந்தாலும் அது பெரும்பாலும் அதே யூனிட்டுக்குள்தான், அதாவது ஒரு யூனிட்டை விட்டால் 17 மார்க் போச்சு. அதனால் வகுப்பில் ஒரு யூனிட் முடிகிற வாரமே அதன் இரண்டு மார்க் கேள்விகளையும் இரண்டு மூன்று பெரிய விடைகளையும் ஒரு தடவை எழுதிப் பார்த்துவிடுங்கள். ஸ்டடி லீவில் சாப்பிட, தூங்க, கொஞ்சம் நடந்துவிட்டு வர இடம் கிடைப்பது இதனால்தான்.

ரெக்கார்டு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன். அப்சர்வேஷனில், அதாவது லேபில் அளவீடுகளைக் குறித்துக்கொள்ளும் நோட்டில், கையெழுத்து வாங்கிய அன்றே ரெக்கார்டை எழுதி முடிக்கவும். அளவீடுகள் மனதில் இருக்கும்போது முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலை அது. பிராக்டிகலுக்கு முந்தைய வாரம் மொத்தமாக உட்கார்ந்தால், நண்பர்களிடம் நோட்டுக்காகக் கெஞ்சுவதில் தொடங்கி கிராஃப் ஒட்டுவது வரை, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை முழுசாக விழுங்கிவிடும்.

பஸ்ஸில் படிக்க வேண்டாம் என்பது என் கட்சி. குலுங்குகிற வண்டியில் நெட்வொர்க் தியரி ஏறாது, தலைவலிதான் வரும். காலையில் தூக்கம், சாயங்காலம் பாட்டோ நாவலோ ஜன்னலோ. ஏற்கெனவே கையில் இருக்கிற நேரம் அது, குற்ற உணர்ச்சி இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பே சேர்ந்து கட் அடிக்கிற மாஸ் பங்க்கை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாதி நாள் கேன்டீனில் "அடுத்து என்ன பண்ணலாம்" என்று பேசியே போய்விடும், அட்டெண்டன்ஸும் போகும். 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மருத்துவச் சான்றிதழ், துறைத்தலைவர் அறை வாசல் என்று அலைகிற நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்?

அப்புறம் கிளப், சிம்போசியம், என்பிடெல் (ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடங்கள்) எல்லாவற்றுக்கும் பெயர் கொடுக்கும் பழக்கம். ஒரு செமஸ்டருக்கு ஒன்று போதும். 12 வார என்பிடெல் பாடம் எடுத்தால் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: வாரம் ஒன்றாக வரும் அசைன்மென்டுகளில் சிறந்த எட்டைத்தான் மதிப்பெண்ணுக்கு எடுப்பார்கள். இன்டர்னல் தேர்வு நடக்கும் வாரங்களில் அந்த வார அசைன்மென்டைத் தைரியமாக விட்டுவிடலாம். ஆனால் முதல் மாதத்திலேயே விடக்கூடிய நாலையும் விட்டுவிட்டு அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

இத்தனைக்கும் மேலே பெண் பிள்ளைகளுக்கு வீடு என்று ஒன்று இருக்கிறது. ஞாயிறு காலை கதவைச் சாத்திக்கொண்டு சும்மா படுத்திருந்தால் "வெங்காயம் உரி", "அத்தை வந்திருக்காங்க, வந்து பேசு" என்று குரல் வந்துகொண்டே இருக்கும். ஒளிந்து எடுக்கிற நேரம் நிம்மதியாக இருக்காது. "சனிக்கிழமை ராத்திரி பாத்திரம் நான் பாத்துக்கறேன்மா, ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் என்னைக் கூப்பிடாதே" என்று அம்மாவிடம் நேராகவே பேசினேன். முதலில் முறைத்தார், இரண்டாம் மாதம் அவரே தம்பியை விரட்ட ஆரம்பித்தார். வீட்டில் அது நடக்காது என்றால், சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. நம் புத்தகத்தையே கொண்டுபோய் உட்கார அங்கே தனிப் பகுதி உண்டு. லைப்ரரிக்குப் போகிறேன் என்றால் எந்த வீட்டிலும் தடை சொல்ல மாட்டார்கள். அங்கே போய் கதைப் புத்தகம் படித்தாலும் லைப்ரரிதானே.

அந்த நேரத்தில் என்ன செய்வது என்று திட்டம் போடாதீர்கள். கிடார், புது மொழி, ஜிம் என்று அட்டவணை போட்டால் அதுவும் இன்னொரு பாடமாகிவிடும். எனக்குப் பாதி நேரம் மொட்டை மாடியில் சும்மா உட்காருவதுதான். இறுதியாண்டில் பிளேஸ்மென்ட் தொடங்கிவிட்டால் ஞாயிறும் ஆப்டிட்யூட் தேர்வுக்குப் போகும். அப்போது அதே பொழுதை வியாழன் மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அடியோடு ரத்து செய்யாதீர்கள்.