32 இன்ச் டிவியில் சிவாஜி ஏன் சின்னதாகத் தெரிகிறார்?

சித்தப்பா வீட்டு 29 இன்ச் டப்பா டிவி ஒருவழியாக உயிரை விட்டது. 32 இன்ச் எல்இடி வாங்கி மாட்டினார்கள். மறுநாளே எனக்கு போன். "ஏன்டா, மூணு இன்ச் கூடன்னுதானே வாங்கினேன், சிவாஜி முன்னைவிடச் சின்னதாத் தெரியறாரே?"

டிவியில் கோளாறு இல்லை, அவர் கண்ணிலும் இல்லை. உண்மையிலேயே சின்னதாகத்தான் தெரியும்.

கடையில் சொல்லும் இன்ச், திரையை மூலைக்கு மூலை குறுக்காக அளந்த கணக்கு. பழைய டிவி 4:3 வடிவம், அதாவது அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. இப்போது வருவதெல்லாம் 16:9. கணக்குப்படி 29 இன்ச் 4:3 திரையின் உயரம் 17.4 இன்ச், 32 இன்ச் அகலத்திரையின் உயரமோ 15.7 தான். டப்பா டிவியில் ஓரம் கொஞ்சம் சட்டத்துக்குள் மறைந்துவிடும் என்பது வேறு விஷயம், அதைக் கழித்தாலும் பழையதே உயரம். கருப்பு வெள்ளைப் படங்கள் ஏறக்குறைய 4:3 வடிவத்தில் எடுக்கப்பட்டவை என்பதால், புது டிவியில் மேலும் கீழும் முட்டிக்கொண்டு நின்றுவிடும், இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை விழும். அந்தப் பட்டைகளுக்கு நடுவில் மிஞ்சுவது வெறும் 26 இன்ச் டிவி. திரையில் கால் பங்கு சும்மா கிடக்கிறது.

அதனால் பழையதற்குப் பதிலாக வாங்குகிறவர்கள் ஒரே ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். அதே உயரம் கிடைக்க, பழைய இன்ச்சை 1.22 ஆல் பெருக்குங்கள். 21 இன்ச் வைத்திருந்தவர்களுக்கு 26 போதும், 32 வாங்கினால் லாபம்தான். 29 வைத்திருந்தவர்களுக்கு 35.4 வரும், அப்படி ஒரு அளவு கடையில் கிடைக்காது, ஆகவே 40 அல்லது 43. இந்தக் கணக்கை எந்த விற்பனையாளரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த 16:9 எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான கதை. டிவி பிறந்தபோது சினிமாவின் வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது. டிவி வீடு வீடாகப் புகுந்து தியேட்டர் காலியானதும், அமெரிக்க சினிமாக்காரர்கள் 1953இல் சினிமாஸ்கோப் என்று அகலமாக ஓடிவிட்டார்கள். நம்மிடம் 1973இல் 'ராஜராஜ சோழன்' வந்துதான் முதல் தமிழ் ஸ்கோப் படம். பிறகு 1980களில் உயர்துல்லிய டிவிக்கு என்ன வடிவம் வைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் புழக்கத்தில் இருந்த திரை வடிவங்களையெல்லாம் ஒரே பரப்பளவில் வெட்டி, மையம் பொருந்த ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச் சட்டமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உள் சட்டமும் ஒரே விகிதத்தில் வந்தன, ஏறக்குறைய 1.77. அதுதான் 16:9. அதாவது இது யாருக்கும் முழுசாகப் பொருந்தாத, எல்லாரும் பொறுத்துக்கொள்ளக்கூடிய சமரசம். ஸ்கோப் படம் போட்டால் இதிலும் மேலே கீழே பட்டை வரும், ஆனால் திரையில் முக்கால் பங்காவது நிறையும். 4:3 டிவியில் அதே படம் பாதிக்குச் சற்று மேல்தான் நிறைக்கும். ஸ்கோப் ரசிகர்களுக்காகவே பிலிப்ஸ் 2009இல் 21:9 டிவி ஒன்று விட்டது, சில வருடங்களிலேயே நிறுத்தியும் விட்டது. செய்தி, சீரியல், கிரிக்கெட் எல்லாவற்றிலும் பட்டையோடு பார்க்க யார் காசு கொடுப்பார்கள்?

சரி, பட்டைக்கு வருவோம். நம் வீடுகளில் பட்டையைக் கண்டாலே ஆகாது. காசு கொடுத்து வாங்கிய திரையை ஏன் காலியாக விட வேண்டும் என்று ரிமோட்டை எடுத்து 'ஃபுல்' போட்டுவிடுகிறார்கள், எம்ஜிஆர் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடுகிறார், வாள் சண்டையில் வாளைப் பக்கவாட்டில் நீட்டினால் ஒரு நீளம், மேலே தூக்கினால் வேறு நீளம். இதைவிடக் கொடுமை கல்யாண கேசட். அந்தக் காலத்து வீடியோவெல்லாம் 4:3 தான், அதை டிவிடியில் ஏற்றி, இழுத்துப் போட்டு, "நான் அப்பவே இவ்வளவு குண்டா?" என்று கேட்கும் பெண்மணிகளை எனக்குத் தெரியும். இல்லை, நீங்கள் ஒல்லியாகத்தான் இருந்தீர்கள், அத்தை.

'ஜூம்' போட்டால் உருவம் கெடாது. ஆனால் படத்தின் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும், மேலே பாதி, கீழே பாதி. பாட்டுக் காட்சியில் சமாளிக்கலாம், முகத்தை நெருக்கிக் காட்டும்போது நெற்றி போய்விடும், அடியில் ஓடும் எழுத்து போய்விடும். என் கட்சி பட்டைதான். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் பட்டை இருப்பதே மறந்துபோகும். ஓஎல்இடி வாங்கியவர்கள் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், நாள் முழுக்க 4:3 படமே ஓடினால் நடுப்பகுதி மட்டும் தேயும் வாய்ப்பு உண்டு. சாதாரண எல்இடி டிவிக்கு அந்தக் கவலை இல்லை.

நடைமுறையில் அளவைத் தீர்மானிப்பது பல வீடுகளில் ஹாலில் இருக்கும் ஷோகேஸ். டப்பா டிவி காலத்து ஆசாரி விட்ட இடைவெளி ஏறக்குறைய சதுரமாக இருக்கும். 32 இன்ச் அதில் நுழைந்துவிடும், மேலே ஒரு முழு வரிசை பொம்மை வைக்கிற அளவுக்கு இடம் மிஞ்சும். 43 இன்ச்சுக்குத் திரை மட்டுமே 37 இன்ச்சுக்கு மேல் அகலம், நுழையாது. மரத்தை வெட்ட மனசில்லாமல் 32 வாங்கிவிட்டுப் புலம்புவதைவிட, பக்கத்துச் சுவரில் மாட்டிவிடலாம்.

வாங்கி மாட்டிய பிறகும் படம் நாலு பக்கமும் பட்டையோடு, தபால்தலை மாதிரி நடுவில் வந்தால் பயப்பட வேண்டாம். செட்டாப் பாக்ஸ் இன்னும் 4:3 டிவி என்று நினைத்துக்கொண்டிருக்கும். முதலில் அதன் மெனுவில் 16:9 வையுங்கள், அப்புறம் டிவி மெனுவில் பிக்சர் சைஸை 'ஆட்டோ' அல்லது 'ஒரிஜினல்' ஆக்குங்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டால் 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று ஏதாவது பெயரில் ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். சில சேனல்கள் பழைய படத்தை அங்கேயே இழுத்துத்தான் அனுப்புகின்றன, அப்போது டிவியில் 4:3 போட்டால் உருவம் சரியாகிவிடும், அடுத்த சேனலுக்குப் போகும்போது திரும்ப மாற்ற வேண்டும்.